ஜன்னல் பக்கம் திரும்பி நின்றவருக்கு

முப்பத்தொரு ஆண்டுகள் மெத்தை விற்றும் ஒரு நாளும் மெத்தனமாய் இராத மேன்மையே! வாய்ச்சொல்லால் வலை விரிப்போர் மலிந்த வணிகத்தில் வாய் திறவாமலே வாடிக்கையாளர் மனம் வென்ற மாண்பே! கண்ணெதிரே நின்று கவர்வதே கெட்டிக்காரத்தனம் என்று கடைத்தெரு முழுதும் எண்ணியிருக்க, கண்ணை விலக்கி நிற்பதே கண்ணியம் என்று காட்டிய கருணையே! மாடித் தளத்தின் மூத்த விற்பனையாளரே! பதினான்கு கட்டில்களின் பாதுகாவலரே! தாங்கள் பணி நிறைவு பெறும் இந்நாளில், தங்களோடு உழைத்த பதினொருவரும் ஒருமனதாய் நின்று, இம்மடலைத் தங்கள் முன் பணிந்து வைக்கிறோம்.

இதுவரை எழுதி வாசித்துக் காட்டியபோது பில் போடும் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "அக்காவ நாம என்னைக்குங்க தாங்கள்னு கூப்பிட்டோம்? யாரோ அமைச்சரம்மா வந்த மாதிரி இருக்கு" என்றார். அவர் சொன்னது நியாயம். மேலே உள்ள விளிகளை அடிக்க மனம் வரவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்தவை. ஆகவே அவை அப்படியே இருக்கட்டும். இனி நீங்கள் எங்களுக்கு 'நீங்கள்'தான், ஜன்னல் அக்காதான்.

இத்தகைய மடலை நல்ல கையெழுத்தும் நாலு அடுக்குமொழியும் உள்ள ஒருவர் எழுதுவது வழக்கம். எனக்குக் கையெழுத்து கிடையாது. அடுக்குமொழி எப்படி வரும் என்பதை மேலே கேட்டீர்கள். இருந்தும் மேலாளராகிய என் தலையில் இதைக் கட்டிவிட்டார்கள். "தப்பு பண்ணவரே எழுதட்டும். அப்பதான் உண்மைய எழுதுவாரு" என்று தீர்ப்புச் சொன்னவர் வண்டி ஓட்டுநர். மற்றவர்கள் மறுத்துப் பேசுவார்கள் என்று சற்று நேரம் காத்திருந்தேன். பில் போடும் அம்மா பேனாவை எடுத்து நீட்டினார்.

அன்பு அக்கா! நம் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. மெத்தை வாங்க வருகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு, முன்பின் தெரியாதவர் எதிரில் மல்லாந்து படுக்க வேண்டும். துணிக்கடையிலாவது திரை போட்ட அறை இருக்கிறது. இங்கே அதுவும் இல்லை. எப்பேர்ப்பட்ட அதிகாரியும் கால் நீட்டிப் படுத்த கணத்தில் கூச்சத்தில் குறுகிப் போகிறார். உடையை இழுத்து விட்டுக்கொள்கிறார், வயிற்றை எக்கிக்கொள்கிறார், இரண்டே நொடியில் எழுந்து "நல்லாத்தான் இருக்கு" என்கிறார். அந்த இரண்டு நொடியை நம்பி வாங்கிப் போனவர்தான் பத்தாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வருகிறார்.

நீங்கள் விற்ற மெத்தைக்குச் சண்டைக்கு வந்தவர் இல்லை. ஏன் இல்லை என்பதை இந்தத் தளம் அறியும், இந்த ஜன்னல் அறியும். "படுத்துப் பாருங்க, அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு ஐந்தடி நடப்பீர்கள். தெருவைப் பார்த்த பெரிய ஜன்னலருகே கைகளைப் பின்னால் கட்டி, கட்டிலுக்கு முதுகைக் காட்டி நிற்பீர்கள். பேச மாட்டீர்கள், இருமக்கூட மாட்டீர்கள். அவர்கள் எழுந்து செருப்பை மாட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் திரும்புவீர்கள். களத்தில் புறமுதுகு காட்டுவது இழுக்கு என்று படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். முதுகைக் காட்டுவதிலும் ஒரு மரியாதை உண்டென்று உங்களிடம்தான் பார்த்தோம். ஒருமுறை ஒரு பெரியவர் அப்படியே தூங்கிப் போய்க் குறட்டையும் விட்டார். நாற்பது நிமிடம் நீங்கள் அசையவில்லை. அவர் எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு, "இதையே குடுத்துடுங்கம்மா" என்றார். வேறென்ன சொல்வார்!

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது ஊரார் மொழி. "முகமெல்லாம் நடிக்கக் கத்துக்கிச்சு. காலுக்குத்தான் இன்னும் யாரும் சொல்லித் தரல" என்பது உங்கள் மொழி. சிரித்துப் பேசிக்கொண்டிருப்பவரின் கால்விரல் படிக்கட்டுப் பக்கம் திரும்பியிருந்தால், "வீட்டுல பேசிட்டு மெதுவா வாங்க" என்று நீங்களே விடை கொடுத்துவிடுவீர்கள். கணவன் முழங்கையை மனைவி லேசாகத் தொட்டால், தளத்தின் மறுகோடிக்குப் போய்த் தலையணை உறையைச் சரிசெய்யத் தொடங்குவீர்கள்; அவர்கள் தனியாகப் பேசி முடிக்கும் வரை அந்த உறை சரியாகவே ஆகாது. கையை இறுகக் கட்டிக்கொண்டு 'என்னை ஏமாற்று பார்க்கலாம்' என்று நிற்பவரோடு வாதாட மாட்டீர்கள். ஒரு தலையணையை எடுத்து நீட்டுவீர்கள். தலையணையை வாங்க வேண்டுமானால் கட்டிய கையை அவிழ்த்துத்தானே ஆக வேண்டும்! வாங்கிய பிறகு அதை மார்போடு அணைத்துக்கொண்டு கோபமாய் நிற்க எவராலும் முடிந்ததில்லை.

இந்த அருமையெல்லாம் என் கண்ணில் படவில்லை. கண்ணில் பட்டதெல்லாம் நீங்கள் சிரிக்கவில்லை என்பது மட்டும்தான்.

மூன்றாண்டுகளுக்கு முன் வேறு கிளையிலிருந்து மேலாளராய் வந்தபோது, தலைமை அலுவலகம் அச்சிட்ட பலகையொன்றைக் கையோடு கொண்டுவந்தேன். 'உடல்மொழிப் பத்து' என்று தலைப்பு. பல் தெரியச் சிரி. கண்ணுக்குக் கண் நான்கு நொடி பார். உள்ளங்கை தெரியக் கையை விரி. கேட்கும்போது மூன்று முறை தலையசை. பத்தாவதுதான் பெரியது: வாடிக்கையாளர் எப்படி நிற்கிறாரோ அப்படியே நில், எப்படிச் சாய்கிறாரோ அப்படியே சாய், தன்னைப் போன்ற ஒருவர் என்று அவர் மனம் இளகும். பில் மேசைக்குப் பின்னால் ஆணியடித்து அதை மாட்டினேன். தினமும் காலையில் எல்லாரையும் வரிசையாய் நிறுத்திச் சிரிக்கப் பழக்கினேன். வண்டி ஓட்டுநர் மெத்தை இறக்கப் போன வீட்டில் பழகிய பழக்கத்தில் சிரித்துவைக்க, ஒரு குழந்தை அதைப் பார்த்து வீறிட்டு அழுதது. நீங்கள் அந்த வரிசையில் ஒழுங்காய் வந்து நின்றீர்கள். சிரிக்கச் சொன்னபோது, "பல்லு வலி சார்" என்றீர்கள். மூன்றாண்டுகளாய் அந்தப் பல் ஆறவில்லை.

சென்ற ஆண்டு தலைமை அலுவலகம் மாறுவேடத்தில் ஓர் ஆய்வாளரை அனுப்பியது. வாடிக்கையாளர் போல வந்தார், படுத்தார், எழுந்தார், போனார். பத்து மதிப்பெண்ணுக்கு உங்களுக்கு இரண்டு. காரணக் கட்டத்தில் 'படுத்திருந்த நேரம் முழுவதும் எனக்கு முதுகு காட்டினார்' என்று எழுதியிருந்தார். அதைத் தொடர்ந்து கடிதம் வந்தது. ஓய்வு பெறும் வரை எஞ்சிய பதினொரு மாதமும் உங்களைக் கிடங்குக்கு மாற்ற வேண்டும், சனிக்கிழமைக்குள் மேலாளர் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். முப்பது ஆண்டு நின்ற தளத்தைவிட்டு, வாடிக்கையாளர் காலடியே படாத தகரக் கொட்டகையில் உறை எண்ணிக்கொண்டு நீங்கள் வேலையை முடிக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்பதை இந்தச் சபையறியச் சொல்கிறேன். மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டேன். உங்களை அறைக்குள் அழைத்து, பலகையின் பத்தாவது விதிப்படி உங்களைப் போலவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, விஷயத்தைச் சொன்னேன்.

நீங்கள் என் காலைப் பார்த்தீர்கள். பிறகு, "சரி சார். கிடங்குல ஜன்னல் இருக்கா?" என்று கேட்டீர்கள். அவ்வளவுதான் கேட்டீர்கள்.

கடிதம் தபாலுக்குப் போக இரண்டு நாள் இருந்தது. மறுநாள் காலை ஒரு தையற்காரரும் அவர் மனைவியும் படியேறி வந்தார்கள். நீங்கள் எழுந்தீர்கள். "நான் பாத்துக்குறேன், நீங்க கொஞ்சம் கவனிங்க" என்று உங்களைத் தடுத்தேன். போகிற நாளிலாவது விற்பனை என்றால் என்னவென்று உங்களுக்குக் காட்ட வேண்டும் என்ற திமிர் எனக்கு. ஆம், திமிர்தான், இதற்கு அடுக்குமொழி வேண்டாம்.

தையற்காரர் வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். நானும் வலது கையைப் பைக்குள் விட்டேன். அவர் இடப்பக்கம் சாய்ந்து நின்றார், நானும் சாய்ந்தேன். அவர் பேசும்போது வாய் ஒரு பக்கமாய் இழுத்தது. நானும் தலையை அந்தப் பக்கமே சாய்த்து, பல் தெரியச் சிரித்து, மூன்று முறை ஆட்டினேன். மென்மையிலும் மென்மையான ஒன்பதாம் எண் மெத்தையை அவருக்குக் காட்டி, ஒரு கையாலேயே விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னங்க இது, எங்க வீட்டுக்காரரப் பாத்தா உங்களுக்கு விளையாட்டா இருக்கா?"

எனக்குப் புரியவில்லை. தையற்காரர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இடது கையால் வலது கையைப் பிடித்துப் பைக்குள்ளிருந்து வெளியே எடுத்தார். எடுத்து மெத்தைமேல் வைத்தார். வைத்த இடத்தில் வைத்தபடியே அது கிடந்தது.

"இந்தக் கை செத்து எட்டு மாசம் ஆச்சு சார். உங்க கைக்கு என்ன ஆச்சு?"

என் முகத்தில் ஈயாடவில்லை. கையை வெளியே எடுத்தால் பழித்துக் காட்டினேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். எடுக்காவிட்டால் இன்னும் பழித்துக்கொண்டிருக்கிறேன் என்று ஆகிவிடும். இந்த இக்கட்டுக்குப் பலகையில் விதி ஏதும் இல்லை. அந்த அம்மா, "எந்திரிங்க, போலாம்" என்றார். தையற்காரர் எழ முயன்றார். மெத்தை அவரை உள்ளே இழுத்தது. மனைவி கை கொடுக்க வந்ததும், "விடு" என்று அவர் போட்ட சத்தம் கீழ்த்தளம் வரை கேட்டது.

அப்போது வந்தீர்கள், அக்கா. வேகமாய் வரவில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை, சிரிக்கவில்லை, இரக்கத்தோடு குரலைத் தாழ்த்தவும் இல்லை. தையற்காரருக்கு இரண்டு கட்டில் தள்ளி நின்று, "மெத்தையில படுக்குறது யாருக்கும் கஷ்டமில்லங்க. எந்திரிக்கிறதுதான் பாக்கணும். உங்களுக்கு எப்படி வசதியோ அப்படி எந்திரிச்சுப் பாருங்க. நாங்க அந்தப் பக்கம் இருக்கோம்" என்றீர்கள். அந்த அம்மாவுக்குக் கண்ணால் ஒரு நாற்காலியைக் காட்டினீர்கள். அது சுவரைப் பார்த்த நாற்காலி. பிறகு என் தோளைப் பிடித்துத் திருப்பி, நடத்திக்கொண்டு போய், ஜன்னலருகே நிறுத்தினீர்கள்.

முதன்முறையாய் நான் அந்த ஜன்னல் வழியாய்ப் பார்த்தேன். எதிர்க்கட்டிடத்தில் ஒருவர் ஏணிமேல் நின்று பெயர்ப்பலகைக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் குடையை விரிப்பதும் மடக்குவதுமாய் இருந்தாள். பின்னால் கட்டில் கிறீச்சிட்டது, நின்றது. மறுபடி கிறீச்சிட்டது. ஒரு முனகல். நான் திரும்பிப் பார்க்கப் போனேன். நீங்கள் பார்க்காமலே என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். மூன்றாம் முறையும் அவர் விழுந்தார். ஏணியில் இருந்தவர் ஓர் எழுத்தை முடித்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போனார். நான்காம் முறைதான் செருப்புச் சத்தம் கேட்டது.

நீங்கள் திரும்பி, எதுவுமே நடக்காதது போல், "இது ரொம்ப மெத்துனு இருக்கு, ஆள விடாது. மூணாம் நம்பர்ல பாருங்க. கட்டில் உயரமும் சரியா இருக்கும்" என்றீர்கள். மறுபடி ஜன்னல். அவர் படுக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரே மூச்சு, ஒரே அசைவு, செருப்பு தரையைத் தொட்ட சத்தம். யாருடைய கையும் பிடிக்காமல், ஒரே முயற்சியில், எட்டு மாதத்தில் முதல்முறையாய் அவர் எழுந்தார். அவர் மனைவி மூக்கை உறிஞ்சியது கேட்டது. செருப்புச் சத்தம் கேட்ட பின்னும் அன்று நீங்கள் உடனே திரும்பவில்லை. அந்த அம்மா கண்ணைத் துடைத்து முடிக்க நேரம் கொடுத்தீர்கள். என் கண்ணையும் நான் அப்போதுதான் துடைத்துக்கொண்டேன்.

அவர்கள் மூன்றாம் எண்ணை எழுதச் சொல்லிவிட்டுப் போனபின் உங்களிடம் என்னவோ சொல்லத் தொடங்கினேன். "மொதல்ல கைய பாக்கெட்லேர்ந்து எடுங்க சார்" என்றீர்கள். அது இன்னும் உள்ளேயேதான் இருந்தது.

எப்படித் தெரியும் உங்களுக்கு இதெல்லாம் என்று அன்று மதியம் கேட்டேன். சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே சொன்னீர்கள். உங்கள் அனுமதி கேட்காமல் இங்கே எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும். "கடைக்கு வர்றதுக்கு முன்னாடி இடுப்பெலும்பு ஒடஞ்சு ஆறு மாசம் கட்டில்ல கெடந்தேன் சார். பாக்க வந்தவங்க எல்லாருமே நல்லவங்கதான். சுத்தி நின்னு பாத்தாங்க. நின்னுக்கிட்டுப் பாத்தா, படுத்திருக்கிறவ ஆளாத் தெரிய மாட்டா சார். கெடக்குறதாத் தெரிவா. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்களேன்னு சொல்ல வாய் வரல எனக்கு."

தலைமை அலுவலகத்துக்கு அந்தக் கடிதம் போகவில்லை. மூன்று நினைவூட்டல்கள் வந்தன. மூன்றுக்கும் ஒரே பதில் எழுதினேன்: 'கிடங்கில் ஜன்னல் இல்லை. ஜன்னல் வைத்ததும் அனுப்பி வைக்கிறேன்.' முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தலைமை அலுவலக அதிகாரி அவர்கள் இதை இப்போதுதான் முழுதாய்க் கேட்கிறார் என்று நினைக்கிறேன். என் மதிப்பெண்ணைக் குறைப்பதானால் குறைக்கலாம், ஐயா. கிடங்கில் இன்றுவரை ஜன்னல் வைக்கவில்லை என்பதையும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

போன மாதம் தையற்காரரின் மனைவி தலையணை வாங்க வந்தார். "இப்பல்லாம் எனக்கு முன்னாடி எந்திரிச்சுடறாரு. எந்திரிச்சு என்னையும் எழுப்புறாரு, அதான் தொல்ல" என்று சலித்துக்கொண்டார். சொல்லும்போது அவர் கால்கள் உங்கள் பக்கம் திரும்பியிருந்தன. இப்போது எனக்கும் கொஞ்சம் தெரிகிறது, அக்கா.

சிரியாமலே சிறப்புற்றவரே! பாராமலே பரிவு காட்டியவரே! முதுகைக் காட்டி முகம் காத்தவரே! நோய் அணுகாத உடலும், நொடியாத மனமும், படுக்க நினைத்தபோது படுக்கும் உரிமையும், எழ நினைத்தபோது யார் துணையுமின்றி எழும் வலுவும் பெற்று நீங்கள் நீடு வாழ வேண்டும். உடல்மொழிப் பத்தை நேற்றே இறக்கிவிட்டோம். சட்டமிட்ட இம்மடல் உங்களோடு வரும். அந்த ஆணியில் இதன் நகல் தொங்கும்.

கடைசியாய் ஒன்று. உங்களுக்கு என்ன பரிசு கொடுப்பது என்று யோசித்தபோது பில் போடும் அம்மா ஒன்று சொன்னார். "முப்பத்தொரு வருஷத்துல அக்கா இங்க எந்தக் கட்டில்லயும் உக்காந்துகூடப் பாத்ததில்ல." பதினான்கு கட்டில்களில் ஊரையே படுக்கவைத்த நீங்கள் ஒன்றில்கூடப் படுக்கவில்லை. நாங்கள் பார்த்துவிடுவோம் என்றா, அக்கா?

மூன்றாம் எண் மெத்தை இன்றுமுதல் உங்களுடையது. மாலையில் வண்டி ஓட்டுநரே வீட்டில் கொண்டுவந்து இறக்குவார். சிரிக்க மாட்டார் என்று உறுதி கொடுத்திருக்கிறார். ஆனால் படுத்துப் பார்க்காமல் மெத்தை வாங்கக் கூடாது என்பது நீங்கள் இந்தத் தளத்துக்கு வகுத்த சட்டம். உறை மாற்றி, தலையணை வைத்து, அதே இடத்தில் போட்டிருக்கிறோம். இம்மடல் முடிந்ததும் நாங்கள் கைதட்டப் போவதில்லை. அதிகாரி அவர்களும் அருள்கூர்ந்து எழுந்து எங்களோடு வர வேண்டும். ஐந்தடி நடந்து ஜன்னலருகே போய் நிற்கப் போகிறோம்.

படுத்துப் பாருங்க அக்கா. அவசரமில்ல.

உங்கள் செருப்புச் சத்தம் கேட்கும் வரை திரும்ப மாட்டோம் என்று உறுதி கூறும்,
மாடித் தளம், பில் மேசை, கிடங்கு, வண்டிப் பணியாளர்கள் பதினொருவர்